திருப்பூர் மெர்ச்சண்டைசர், வயது 36: சேமிப்பு உண்டு, ஓய்வுக்குக் காசு இல்லை

இங்கே வரும் குடும்பம் ஒரே வீட்டின் கதை அல்ல. திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பக்கம் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் சம்பளச் சீட்டை நீட்டி "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டபோதெல்லாம் திரும்பத் திரும்பக் கண்ட கணக்குகளைச் சேர்த்து ஒரு குடும்பமாக்கியிருக்கிறேன். கூட்டிப் பார்க்க வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். வட்டி, வரி, விதி எல்லாம் 2025 இறுதி நிலவரம்.

அவருக்கு வயது 36. 2011-இல் பயிற்சியாளராகச் சேர்ந்து, இரண்டு நிறுவனம் மாறி, 2019 முதல் மூன்றாவது நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வாங்குவது முதல் சரக்கு அனுப்புவது வரை கவனிப்பவர். கைக்கு வருவது 62,000 ரூபாய். மனைவிக்கு 33 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியை, 16,000 ரூபாய். மகளுக்கு 6 வயது. அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள், மாதாமாதம் காசு அனுப்ப வேண்டும். கேள்வி ஒன்றுதான்: "முப்பத்தாறாச்சு, ரிட்டயர்மென்டுக்குன்னு ஒண்ணும் பண்ணல. எந்த ஃபண்டுல போடட்டும்?"

மியூச்சுவல் ஃபண்டைப் பிறகு பார்க்கலாம் என்று முதலில் வரவு செலவை எழுதினோம். வாடகை 11,000. மளிகை, பெட்ரோல், கரண்ட், போன் எல்லாம் சேர்த்து 24,000. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 6,500. ஊருக்கு 6,000. 2022-இல் அவிநாசி தாண்டி வாங்கிய மனைக்கு வங்கித் தவணை 13,650. 12 லட்சம் கடன், 12 ஆண்டு, 9 சதவீத வட்டி. காப்பீடும் சேமிப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசி பிரீமியம் மாதக் கணக்கில் 4,000. நகைச் சீட்டு 5,000. தெரிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டு 5,000. ஆக 75,150. மாதக் கடைசியில் மிஞ்சுவது 2,850.

இந்தக் கடைசி எண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் "நமக்கெல்லாம் சேமிப்பே இல்லைங்க" என்கிறார். ஆனால் மனைத் தவணை, பாலிசி, நகைச் சீட்டு, ஏலச்சீட்டு நான்கையும் கூட்டினால் 27,650. குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதைவிடச் சிக்கனமாக யார் இருக்க முடியும்? கொங்கு நாட்டுக் குடும்பங்களில் சேமிக்கும் பழக்கத்துக்குக் குறைவே இல்லை. அந்தக் காசுக்கெல்லாம் வேறு வேறு பெயர் இருக்கிறது: மகள் கல்யாணம், வீடு, அவசரத்துக்குச் சீட்டு. அறுபது வயதுக்குப் பிறகான சோற்றுக்கு என்று பெயர் எழுதிய ஒரு ரூபாய் மட்டும் இல்லை.

பிஎஃப் பாஸ்புக்

இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிஎஃப் இருக்கிறது. பாஸ்புக்கைத் திறந்தால் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்கள்: ஊழியர் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 550, பென்ஷன் பங்கு 1,250. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த எண்கள் நகரவில்லை. காரணம், பிஎஃப் சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் நிறுவனம் 12 சதவீதம் பிடிக்கிறது. இது சட்டப்படி சரிதான், ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். ஆனால் "12 சதவீதம் பிடிக்கிறாங்க" என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது, வாங்கும் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே.

2019-இலிருந்து சேர்ந்தது வட்டியோடு சுமார் 2,40,000 ரூபாய். அதற்கு முந்தைய 8 ஆண்டுகள்? 2015-இல் முதல் வேலையை விட்டபோது எடுத்த சுமார் 55,000 பைக்குக்குப் போனது. 2019-இல் எடுத்த சுமார் 1,30,000 வாடகை வீட்டு அட்வான்ஸுக்கும் ஒரு பழைய கடனுக்கும் போனது. "அப்ப அது சின்னக் காசுங்க" என்றார். அன்றைக்குச் சின்னக் காசுதான். இப்போதைய 8.25 சதவீத வட்டியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 55,000 அவருடைய 58-ஆம் வயதில் ஏறத்தாழ 7 லட்சமாகவும், 1,30,000 ஏறத்தாழ 12 லட்சமாகவும் நின்றிருக்கும். புதிதாக ஒரு பைசா போடாமலே 19 லட்சம்.

பணத்தோடு போன இன்னொன்றை அவர் கவனிக்கவே இல்லை. பிஎஃப் எடுக்கும்போது 10சி படிவத்தையும் சேர்த்துப் போட்டு பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டார். பத்தாண்டு நிறைவதற்குள் அப்படி எடுத்தால் அந்தச் சேவைக் காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பென்ஷன் கணக்கு எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்து 58-இல் ஓய்வு பெற்றால் கூடுதலாக 2 ஆண்டு சேர்ப்பார்கள். இவருக்கு 2019 முதல் 28 ஆண்டு, கூட 2, ஆக 30. பதினைந்தாயிரத்தை முப்பதால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 6,430 ரூபாய். அழிந்த 8 ஆண்டும் இருந்திருந்தால் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கூடும். அந்த 6,430-உம் விலைவாசியோடு ஏறாது. 2047-இல் அதற்கு என்ன மதிப்பிருக்கும் என்று கேட்டார். இரண்டு பேருக்கு மளிகை வாங்கவே போதாது என்றேன்.

2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு, வேலை போனால் முழுத் தொகையையும் எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பங்குக்கு 36 மாதமாகவும் உயர்த்த முடிவெடுத்தது. பலர் திட்டினார்கள். இவருடைய பாஸ்புக்கைப் பார்த்த பிறகு எனக்குத் திட்டத் தோன்றவில்லை.

எவ்வளவு வேண்டும்

இன்றைய விலையில் வயதான இருவருக்கு வாடகையோடு மாதம் 35,000 போதும் என்றார்கள். 60 வயதில் ஓய்வு, இன்னும் 24 ஆண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 35,000 என்பது அப்போது 1,41,700. 85 வயது வரை தாங்க வேண்டும், அந்த 25 ஆண்டும் மீதிப் பணம் 7 சதவீதம் ஈட்டும் என்று போட்டால் தேவை 3 கோடியே 80 லட்சம்.

இந்த எண்ணைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். ஆகையால் உடனே இன்னொன்றும் சொல்லிவிடுவது என் வழக்கம்: அந்த 3.8 கோடி, இன்றைய காசில் 94 லட்சம். அவருடைய ஊரில் ஒரு நல்ல வீட்டின் விலை. மலைப்பு கொஞ்சம் இறங்கும்.

எதை நிறுத்துவது

செலவில் கை வைக்கவில்லை. 24,000-இல் சினிமாவையும் பிரியாணியையும் குறைத்து ஓய்வுக்குச் சேர்க்கச் சொல்லும் அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று மாதம் நடக்கும், அப்புறம் சண்டைதான் மிஞ்சும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் 27,650-க்குள்தான் வேலை.

முதலில் பாலிசி. 2018-இல் உறவினர் ஒருவர் சொல்லி, மார்ச் மாத வரிக்காக எடுத்தது. ஆண்டுக்கு 48,000, 20 ஆண்டு, காப்பீட்டுத் தொகை 9 லட்சம். போனஸ் எல்லாம் வந்தாலும் ஆண்டு வருமானம் 5 சதவீதத்தைச் சற்றுதான் தாண்டும். வரிக் காரணமும் இப்போது இல்லை. புதிய வரிமுறையில் 2025–26 முதல், சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு சேர்த்து 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. இவர் ஆண்டு வருமானம் அதற்கு வெகு கீழே. ஆனாலும் மார்ச் வந்தால் "எய்ட்டி சி-க்கு என்ன போடறது" என்று, பழைய வரிமுறையில் சேமிப்புக்குக் கழிவு தரும் பிரிவைச் சொல்லிக் கேட்கிற பழக்கம் போகவில்லை.

பாலிசியை இடையில் முடித்துப் பணத்தை வாங்கினால், அதாவது சரண்டர் செய்தால், நட்டம் அதிகம். அதனால் பிரீமியத்தை நிறுத்தி 'பெய்டு-அப்' ஆக்குவது என்று முடிவு. 7 ஆண்டு கட்டியிருப்பதால் 9 லட்சத்தில் இருபதில் ஏழு பங்கு, அதாவது 3,15,000, சேர்ந்த போனஸோடு 2038-இல் கிடைக்கும். விடுபட்ட 4,000-இல் ஒரு கோடிக்கு 60 வயது வரை, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி, மாதக் கணக்கில் சுமார் 1,250. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு சுமார் 2,000. நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்டார். வேலை போகும் அன்றே அதுவும் போய்விடும். ஆக பாலிசி மாற்றத்தில் மிச்சம் 750 ரூபாய்தான், ஆனால் 9 லட்சமாக இருந்த காப்பீடு ஒரு கோடியானது.

டேர்ம் பாலிசிதான் முதலில் கையில் வர வேண்டும், பழைய பிரீமியத்தை நிறுத்துவது அதற்குப் பிறகு. சர்க்கரை, பிரஷர் என்று மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது வந்து விண்ணப்பம் திரும்பிவிட்டால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரும்.

அடுத்தது நகைச் சீட்டு. இங்கேதான் பேச்சு நீண்டது. "ஏனுங்க, இதை நிறுத்தச் சொல்றீங்களே, தங்கம் ஏறின ஏத்தத்துக்கு உங்க ஃபண்டு ஏறுச்சா?" என்று கணவரைக் கேட்டார் மனைவி. நியாயமான கேள்வி. 2025 அக்டோபரில் சவரன் 90,000-ஐத் தாண்டியது; அந்த ஆண்டு தங்கம் வாங்கியவர் யாரும் தோற்கவில்லை. ஆனால் கடையில் வாங்குவது நகை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் வாங்கும் அன்றே போய்விடும். அதைவிடப் பெரிய சங்கதி, அந்த நகையை இவர்கள் அறுபது வயதில் விற்றுச் சாப்பிடப் போவதில்லை. மகளுக்குத்தான் போகும். "பாப்பாவுக்குத்தானே சேர்க்கிறோம்" என்று மனைவியே சொன்னார். அப்படியானால் அது மகளின் கணக்கு. இப்போதைய 11 மாதத் திட்டம் முடியும் நேரமாகவும் இருந்ததால், அடுத்ததை 2,000-ஆகத் தொடங்குவது, 3,000-ஐ ஓய்வுக்குத் திருப்புவது என்று இறங்கி வந்தார்கள். முழுதாக நிறுத்தியிருந்தால் ஆறு மாதத்தில் எல்லாத் திட்டமும் கலைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஏலச்சீட்டில் இன்னும் 7 மாதம் பாக்கி, இவர் இன்னும் எடுக்கவில்லை. நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. முடிந்ததும் வரும் ஒரு லட்சத்தை அவசர நிதியாக வங்கியில் போட வேண்டும், மறுபடி சீட்டு சேரக் கூடாது. மாதம் விடுபடும் 5,000 ஓய்வுக் கணக்குக்கு வரும்.

திருப்பூரில் அவசர நிதி வெறும் புத்தக அறிவுரை அல்ல. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊரில் ஆர்டர்கள் நின்றன, ஓவர்டைம் போனது. அப்படிப்பட்ட மாதங்களில்தான் பிஎஃப்-ஐ உடைப்பார்கள், மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபி-யை நிறுத்துவார்கள். இவர்கள் தவிர்க்கவே முடியாத செலவு மாதம் 64,400. மூன்று மாதத்துக்கு 1,93,000. சீட்டுப் பணம் ஒரு லட்சம், மீதி இரண்டு தீபாவளி போனஸில்.

எங்கே போடுவது

இது சீக்கிரம் முடிந்துவிட்டது. 750, 3,000, சீட்டு முடிந்ததும் 5,000, மிச்சத்திலிருந்து 250. ஆக 9,000. அதில் 3,000 விபிஎஃப், அதாவது பிஎஃப்-இல் தானாகக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வது, அதே 8.25 சதவீதம். பல நிறுவனங்களில் ஏப்ரலில்தான் இதை மாற்ற விடுவார்கள், எச்ஆருக்கு மார்ச்சிலேயே கடிதம் கொடுத்துவிட வேண்டும். மீதி 6,000, ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரே ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டத்தில், மாத எஸ்ஐபி. நான்கு ஐந்து ஃபண்டு வேண்டாமா என்று கேட்டார். நான்கிலும் அதே பெரிய வங்கிகளும் ஐடி நிறுவனங்களும்தான் இருக்கும்.

தேசிய பென்ஷன் திட்டமான என்பிஎஸ்ஸை இப்போதைக்கு விட்டுவிட்டோம். புதிய வரிமுறையில் தனியாகப் போடும் 50,000-க்குக் கழிவு இல்லை. நிறுவனம் போட்டால்தான் வரிப் பயன், இவர் நிறுவனம் போடுவதில்லை. மனைவியின் பள்ளியில் பிஎஃப்-ஏ பிடிப்பதில்லை. அவர் பெயரில் அஞ்சலகத்தில் பிபிஎஃப், அதாவது அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு, மாதம் 1,000, 7.1 சதவீதம். தொகை சின்னது. ஆனாலும் அது அவர் பெயரில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன்.

பங்குச் சந்தை பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. 2008-இல் ஒரே ஆண்டில் நிஃப்டி பாதிக்கு மேல் விழுந்தது. 24 ஆண்டில் அப்படி ஒன்றிரண்டு வீழ்ச்சியாவது வரும் என்று இப்போதே எண்ணிக்கொள்வது நல்லது. கீழே வரும் கணக்கில் ஃபண்டு ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டும் என்று நான் போட்டிருப்பது உத்தரவாதம் அல்ல, கணக்குக்கான அனுமானம்.

அந்த அனுமானத்தில் 6,000-ஐ 24 ஆண்டும் அப்படியே போட்டால் 67 லட்சம். ஆண்டுதோறும் சம்பளம் ஏறும்போது 8 சதவீதம் கூட்டிப் போட்டால் 1 கோடியே 33 லட்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏப்ரல் மாதம் சம்பள உயர்வு வந்த கையோடு வங்கிச் செயலியில் செய்ய வேண்டிய ஒரு மாற்றம். முதல் ஆண்டில் அது 480 ரூபாய். தாமதத்தின் விலையும் இதே கணக்கில் தெரியும்: இதே 6,000-ஐ, இதே 8 சதவீத ஏற்றத்தோடு, 5 ஆண்டு தள்ளி 41-இல் தொடங்கினால் 68 லட்சம்தான். பாதி போய்விடும். முப்பத்தாறு தாமதம் என்பவருக்கு நாற்பத்தொன்றைக் காட்டினால் போதும்.

எல்லாவற்றையும் கூட்டினால்: இப்போதுள்ள பிஎஃப்-உம் இனி வரும் கட்டாயப் பிடித்தமும் சுமார் 36 லட்சம். விபிஎஃப், அதையும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றினால், 54 லட்சம். இண்டெக்ஸ் ஃபண்டு 133 லட்சம். 2034-இல் மனைத் தவணை முடியும்போது இவருக்கு 45 வயது. அந்த 13,650-ஐ அப்படியே ஃபண்டுக்குத் திருப்பினால் 15 ஆண்டில் 55 லட்சம். ஆக 2 கோடியே 78 லட்சம். விற்கும்போது ஃபண்டு லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீத வரி உண்டு. 3.8 கோடிக்கு ஒரு கோடிக்கு மேல் குறைகிறது.

மனை என்ற புதிர்

அந்தக் குறையைப் பார்த்ததும் மனையை விற்றுவிடச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். அவ்வளவு எளிதில்லை. 35,000 தேவையில் 11,000 வாடகை. சொந்த வீடு இருந்தால் தேவை 24,000 ஆகும், 3.8 கோடி இலக்கு 2 கோடியே 61 லட்சமாக இறங்கிவிடும். இப்போதைய திட்டமே அதை எட்டிவிடும்! மனை வாங்கியதைக் கிண்டல் செய்யும் முதலீட்டு ஆலோசகர்கள் இந்த வரியைக் கணக்கில் போடுவதில்லை.

ஆனால் காலி மனை வாடகையைக் குறைக்காது, கட்ட வேண்டும். இன்று 25 லட்சத்தில் கட்டும் வீடு 2034-இல் 42 லட்சம் ஆகலாம். முழுதும் கடன் என்றால் 15 ஆண்டுத் தவணை 42,600. அப்போதைய வாடகை 18,600 மிச்சம். மனைத் தவணை 13,650 விடுபட்டிருக்கும். இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் வேண்டும், கூடவே அந்த 55 லட்சக் கணக்கும் அடிபடும். அப்படியும் எண்களில் வீடு சற்று முன்னால் நிற்கிறது. மகள் கல்லூரிச் செலவு 2037-இல் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தால் பின்னால் போகிறது. 2034-இல் முடிவெடுக்கலாம் என்று ஒதுக்கிவைத்தோம். அதுவரை மனையை வைத்து மேல்கடன் வாங்குவதில்லை என்பது மட்டும் இப்போதைய ஒப்பந்தம்.

இந்தக் கணக்கில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று: 60 வயது வரை சம்பளம் வரும் என்ற அனுமானம். மெர்ச்சண்டைசிங்கில் ஐம்பது தாண்டியவர்களை அலுவலகத்தில் எத்தனை பேர் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மேனேஜர், ஜிஎம் என்று மேலே போனவர்களைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை அவருக்கு. 52-இல் வேலை நின்று, அதற்குமேல் ஒரு ரூபாயும் போடாமல், எடுக்கவும் எடுக்காமல் விட்டால் அந்த 133 லட்சம் 95 லட்சமாகும். விழுந்தாலும் முக்கால் பங்குக்கு அருகே நிற்கிறது, முதல் 16 ஆண்டில் போட்ட பணம்தான் அதிகம் உழைக்கிறது என்பதால். ஆனால் 52-க்கும் 60-க்கும் இடையே வீட்டுச் செலவுக்கு எது? அதற்கு அவரிடம் இப்போது பதில் இல்லை. மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று வைக்கும் யோசனை இருக்கிறதாம். வைத்தால் முதலுக்கு இந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பாரா என்று மனைவி கேட்டார். ஃபண்டு கணக்கில் நாமினி பெயரை எழுதிய கையோடு, எஸ்ஐபி பிடிக்கும் வங்கிக் கணக்கையும் இருவர் பெயரில் கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்லியிருக்கிறேன்.